இரவல் வாங்கிய நாள்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்கு மடிப்பக்கா என்று பெயர். நீராவி உருளைக்குள் ஈரமாகப் போய் மொடமொடவென்று வெளியே வரும் படுக்கை விரிப்பை இரண்டு பேராகப் பிடித்து மடிக்க வேண்டும். அவளோடு ஜோடி சேருகிறவர்கள் பாடு திண்டாட்டம்தான். ஓரத்தோடு ஓரம் நூலளவு பிசகினாலும் உதறிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பாள். "ஏன்க்கா, வர்ற நோயாளி என்ன ஸ்கேல் வெச்சு அளந்து பார்த்துட்டா படுக்கப்போறான்?" என்று கேலி பேசுவார்கள். "எங்க வீட்டுக்காரர் கத்துக்கொடுத்தது. இனிமே வேற மாதிரி கை வராது" என்பாள். அவள் வீட்டுக்காரர் பட்டாளத்தில் லாரி ஓட்டியவர்.

அந்தக் கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த டிவியில்தான் சட்டம் வந்த சேதி ஓடியது. உருளை ஓடுகிற இரைச்சலில் பேச்சு ஒன்றும் காதில் விழவில்லை. சட்டமன்றத்தில் மேசையைத் தட்டுகிறவர்களின் கைகள் மட்டும் தெரிந்தன. கீழே எழுத்து ஓடியது: முன்னாள் படைவீரர் குடும்பப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. விரிப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றவள், "உங்களுக்குத்தான்க்கா! இனிமே உங்க கஷ்டம் தீர்ந்துச்சு" என்று கத்தினாள். மடிப்பக்காவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. பேர் வைப்பதில் மட்டும் அரசாங்கத்தை மிஞ்ச ஆள் கிடையாது. பாதுகாப்பு என்று போட்டிருந்தார்களே தவிர, யாரிடமிருந்து யாருக்கு என்று அந்த ஓடுகிற எழுத்தில் இல்லை.

கல்யாணமான புதிதில் அவர் லீவில் வந்தால் வீடே இரண்டுபடும். எல்லோரையும் சிரிக்க வைப்பார். ரொட்டிக்கு மாவு பிசைகிறேன் என்று உட்கார்ந்து முகமெல்லாம் மாவாக்கிக்கொள்வார். அவர் ஓட்டியது எண்ணெய் லாரி. வரிசையாகப் போகும் வண்டிகளில் நடுவில் போகும். ஒரு நாள் அவருக்கு முன்னால் போன வண்டி அடியில் வைத்திருந்த குண்டு வெடித்துத் தூக்கி எறியப்பட்டது. அதில் இருந்தவர்கள் எல்லாம் அன்று காலையில் அவரோடு ஒரே அடுப்பில் டீ போட்டுக் குடித்தவர்கள். இவர் உடம்பில் ஒரு கீறல் இல்லை. வினையே அங்கேதான் ஆரம்பித்தது. கை போயிருந்தால் போன கையைக் காட்டலாம். இவருக்கு என்ன போனது என்று காட்ட வழியில்லாமல் போய்விட்டது.

பட்டாளத்தை விட்டு வந்தபிறகு ஒரு கிடங்கில் காவலுக்கு நின்றார். உள்ளே வருகிற ஒவ்வொரு வண்டியையும் நிறுத்தி, தரையில் படுத்து, அடியில் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் விடுவார். முதலாளி காரையும் அப்படியே பார்த்தார். முதலாளியின் மாமியார் வந்த காரையும் பார்த்தார். அந்த அம்மாவைக் கீழே இறங்கச் சொல்லி, கைப்பையைத் திறக்கச் சொன்னதோடு வேலைக்கு முழுக்கு விழுந்தது. அவர்கள் வசித்த முன்னாள் படைவீரர் குடியிருப்பில், காவல் சிப்பாய் என்ற அர்த்தத்தில் அவருக்கு சென்ட்ரி என்று பேர் வைத்துவிட்டார்கள். தெருமுனையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். பால் வண்டிக்காரன் கூடப் பழகிப்போய், தானே நிறுத்தி, "பார்த்துக்குங்க சார்" என்பான். இவரும் குனிந்து பார்த்துவிட்டு, "சுத்தமா இருக்கு, போகலாம்" என்பார்.

மற்றபடி பூனை மாதிரி மனுஷன். வெங்காயம் உரித்துக் கொடுப்பார், துணி காயப்போடுவார், மகளுக்குச் செருப்பு தைத்துக் கொடுப்பார். தூக்கத்தில் இருக்கும்போது மட்டும் தொட்டு எழுப்பக் கூடாது. பட்டாளத்தை விட்டு வந்த புதிதில் ஒரு தடவை அவள் தோளைத் தொட்டு எழுப்ப, அவர் கை வீசிய வேகத்தில் தண்ணீர்ச் சொம்பு பறந்து சுவரில் பட்டு நசுங்கியது. அவள் மேல் ஒரு விரல் படவில்லை. ஆனாலும் அவர் அன்று முழுவதும் அவள் முகத்தைப் பார்க்கவே வெட்கப்பட்டார். ராத்திரி கனவில் என்ன நடக்கிறது, தான் என்ன கத்துகிறோம் என்று விடிந்தபின் அவருக்கு ஒன்றுமே நினைவிருக்காது. "நான் ஏதாவது பண்ணேனா?" என்று காலையில் கேட்பார். "ஒண்ணும் பண்ணலை, நல்லாத் தூங்கினீங்க" என்பாள். உண்மையில் கத்தின நாளிலும் அதையேதான் சொன்னாள். அவரும் நம்பினார். அவள் சொன்னால் சரியாக இருக்கும் என்பது அந்த வீட்டில் எழுதாத விதி.

பட்டாளத்துக்காரர் மனைவிமாருக்கு இரண்டு பேச்சு உண்டு. புருஷன் வேலையில் இருக்கும்வரை எந்த அதிகாரி வந்து கேட்டாலும், "ஒரு குறையும் இல்லைங்க." புருஷன் வீடு வந்து சேர்ந்தபிறகு பென்ஷனுக்காக மருத்துவ போர்டு கூப்பிட்டால், "எல்லாமே குறைதாங்க." ஏனென்றால் அந்த போர்டு டாக்டர்கள், நல்லபடியாக முகச்சவரம் செய்துகொண்டு வந்த ஆளைப் பார்த்தால், "நல்லாத்தானே இருக்கார்" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். குடியிருப்புப் பெண்கள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். போர்டுக்குப் போகும்போது இருப்பதிலேயே மோசமான நாளைச் சொல்ல வேண்டும். சொல்லும்படியாக மோசமான நாள் இல்லாதவள் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிக்கொள்வாள். மழைக்குக் குடை கொடுக்கிற மாதிரி ஒருத்தி இன்னொருத்திக்கு நாளை இரவல் கொடுத்தாள். அதைப் பொய் என்று யாரும் நினைத்ததில்லை. அந்தத் தெருவில் யாராவது ஒருத்திக்கு நடந்ததுதானே!

எதிர்வீட்டு கேன்டீன் அக்காவிடம் இந்தச் சரக்கு நிறைய இருந்தது. படைவீரர் கேன்டீனில் பில் போட்டவள், எந்தச் சலுகையும் முதலில் அவள் காதுக்குத்தான் வரும். அவள் புருஷன் செத்துப்போய்ப் பல வருஷம் ஆகிறது. இருந்த காலத்தில் அவளைப் படாத பாடு படுத்தியவர். அவள் அதைச் சொல்லும்போது ஏதோ சந்தையில் கத்தரிக்காய் வாங்கின கதையைச் சொல்வது போலச் சொல்வாள். கேட்கிறவர்கள்தான் பாதியில் எழுந்துபோவார்கள்.

சட்டம் வருவதற்குச் சில மாதம் முன்பு சென்ட்ரி தெருமுனையை விட்டுப் பெரிய ரோட்டுக்குப் போய்விட்டார். நாலு பக்கமும் வண்டி பாய்கிற சந்திப்பில் நின்று, கையை நீட்டி ஒரு பஸ்ஸை நிறுத்தி, அதன் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் படுத்து அடியில் பார்த்தார். ஓட்டுநர் பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல் இருந்ததால் பிழைத்தார். சலவைக்கூடத்துக்குப் போன் வந்து மடிப்பக்கா கையிலிருந்த விரிப்பைப் போட்டுவிட்டு ஓடினாள். அதற்கப்புறம் இன்னும் இரண்டு தடவை ஓடினாள். மேற்பார்வையாளர் கெட்டவர் இல்லை. "அக்கா, இன்னொரு தடவை பாதி வேலையில போனீங்கன்னா, நான் மேல சொல்லித்தான் ஆகணும்" என்றார். பகலில் அப்பாவோடு இருந்த மகளுக்கு வேறு ஊரில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. அவளைப் போக வேண்டாம் என்று சொல்ல மடிப்பக்காவுக்கு வாய் வரவில்லை. வேலையை விட்டால் அடுப்பு எரியாது, வேலைக்குப் போனால் அவர் பஸ்ஸுக்கு அடியில் படுப்பார்.

"துணையாள் தர்றாங்கடி" என்றாள் கேன்டீன் அக்கா. "மனசு அடிபட்டு வந்த வீரருக்குப் பகல்ல வீட்டோட ஒரு ஆள். பயிற்சி கொடுத்த ஆளு. அரசாங்கமே அனுப்பும். நீ பாட்டுக்கு வேலைக்குப் போகலாம்."

"கேட்டவுடனே தருவாங்களாக்கா?"

"கேட்டவுடனே கொடுக்க அது என்ன உங்க அம்மா வீடா? ஒரு அதிகாரியம்மா வீட்டுக்கு வருவாங்க. கேள்வி கேப்பாங்க. எல்லாம் நம்ம போர்டு மாதிரிதான். நீ என்ன சொல்வே?"

"ரோட்டுக்குப் போயிடுறார்னு சொல்வேன். ராத்திரி கத்துறார்னு..."

"கிழிஞ்சது. கத்தாதவன் எவன் இருக்கான் இந்தத் தெருவுல? அதுக்கெல்லாம் ஆள் அனுப்பினா சட்டமன்றத்துல இருக்கறவங்களே வந்து வீட்டுக்கு ஒருத்தரா உட்காரணும்." அக்கா தன் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். "என் நாளை எடுத்துக்கோ. தூக்கத்துல எழுந்து என் மேல ஏறி உட்கார்ந்து கழுத்தைப் பிடிச்சாரே, அந்த நாள். கண்ணு திறந்திருந்தது, ஆனா என்னைப் பார்க்கலை. நான் கட்டில் சட்டத்தைக் காலால உதைச்சு உதைச்சு, அந்தச் சத்தத்துலதான் விட்டார். அப்படியே சொல்லு. போர்டுல ஒரு வார்த்தை மறுத்துக் கேக்கலை தெரியுமா?"

மடிப்பக்காவுக்கு என்னவோ போல இருந்தது. அவரைப் பற்றி அப்படிச் சொல்வதா என்று ஒரு கணம் மனசு பின்வாங்கியது. உடனே பஸ்ஸின் சக்கரம் கண்ணுக்கு முன்னால் வந்தது. சரி என்று தலையாட்டிவிட்டாள். அவள் பயந்ததெல்லாம் துணையாள் கிடைக்காமல் போய்விடுமோ என்றுதான்.

அதிகாரியம்மா வந்த காரை சென்ட்ரி தெருமுனையிலேயே நிறுத்திவிட்டார். படுத்துப் பார்த்துவிட்டு, "சுத்தமா இருக்கு மேடம்" என்று சல்யூட் வைத்தார். அந்த அம்மா சிரித்த முகத்தோடுதான் வீட்டுக்குள் வந்தாள். நடுத்தர வயசு, பருத்திப் புடவை, மெதுவான குரல். வீட்டாரைத் தனியாகத்தான் கேட்க வேண்டும் என்று சட்டமாம். அதனால் சென்ட்ரி தெருமுனையிலேயே இருக்க, சின்ன ஹாலில் அம்மாவும் மகளும் மட்டும் உட்கார்ந்தார்கள்.

ரோட்டைப் பற்றிச் சொன்னாள். அந்த அம்மா கையிலிருந்த டேப்லெட்டில் தட்டிக்கொண்டாள். கத்துவதைப் பற்றிச் சொன்னாள். அதையும் தட்டிக்கொண்டாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மடிப்பக்காவுக்கு, போச்சு, இது போதாது என்று தோன்றிவிட்டது. தண்ணீர் குடித்துக்கொண்டு இரவல் நாளை எடுத்து விரித்தாள். அக்கா சொன்னதைச் சொன்னபடியே சொன்னாள். கண் திறந்திருந்ததையும் விடவில்லை, கட்டில் சட்டத்தை உதைத்ததையும் விடவில்லை.

டேப்லெட்டில் தட்டுகிற விரல் நின்றுவிட்டது. அந்த அம்மா எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். அதைப் பார்த்து மடிப்பக்கா, வேலை பலித்துவிட்டது என்று நினைத்தாள். பாவம்.

"இது எப்பம்மா நடந்தது?"

"போன மாசம்" என்றாள். போர்டில் அப்படித்தான் சொல்ல வேண்டும். பழைய கதை என்றால் மதிக்க மாட்டார்கள்.

அந்த அம்மா மகள் பக்கம் திரும்பினாள். "நீ அப்ப வீட்ல இருந்தியாம்மா? சத்தம் கேட்டுதா?"

மகளுக்கு இது எதுவுமே தெரியாது. அம்மா அவளிடம் சொல்லி வைக்கவில்லை. சின்னப்பெண் எதற்கு என்று விட்டுவிட்டாள். மகள் அம்மா முகத்தைப் பார்த்தாள். அம்மா கண்ணைச் சிமிட்டாமல் அவளையே பார்த்தாள். "ஆமா" என்றாள் மகள். "கட்டில் சத்தம் கேட்டுது."

அந்த அம்மா போகும்போது மடிப்பக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே நீங்க தனியா இல்லை" என்று சொன்னாள். சொன்னவளுக்கு நல்ல மனசுதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கார் புறப்படும்போது சென்ட்ரியை அவள் பார்த்த பார்வைதான் வேறாக இருந்தது. அவர் குனிந்தபோது கார்க் கண்ணாடி அவசரமாக மேலே ஏறியது.

அன்று சாயங்காலம் மகள் சமையலறை வாசலில் வந்து நின்றாள். "அம்மா, நிஜமாவே கழுத்தைப் பிடிச்சாராம்மா?"

"சீ, இல்லடி. அது எதிர்வீட்டு அக்காவோட நாளு. துணையாளுக்காகச் சொன்னது."

"அப்படின்னா சரி" என்றாள் மகள். ஆனால் போகாமல் நின்றுகொண்டே இருந்தாள். "இத்தனை வருஷமா அப்பா ராத்திரி கத்தினா, ஒண்ணுமில்ல தூங்குன்னு சொல்வே. அதுவும் பொய்தானே? இப்ப எதை நான் நம்பணும்?"

மடிப்பக்கா கரண்டியை ஓங்கினாள். மகள் உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து படுக்கப் போகும்போது அவள் தன் அறைக் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட ஆரம்பித்தாள். இதுவரை அந்த வீட்டில் உள்கதவுகளுக்குத் தாழ்ப்பாள் போட்ட வழக்கமே இல்லை. தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டு சென்ட்ரி தலை நிமிர்ந்து பார்த்தார். "பாப்பா ஏன் தாழ்ப்பாள் போடுது?" என்று கேட்டார். "பெரிய பொண்ணாயிட்டா இல்ல" என்று மழுப்பினாள். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கதவையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டொரு நாளில் கேன்டீன் அக்கா வந்தாள். வரும்போதே முகம் வெளுத்திருந்தது. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"அடியே, நம்ம மோசம் போயிட்டோம். அந்தச் சட்டத்துல இன்னொரு பிரிவு இருக்காம். வீட்டாளுங்க உயிருக்கு ஆபத்துன்னு யாராவது சொன்னா, துணையாள் கிடையாது. அவரையே கூட்டிட்டுப் போயி அரசாங்க இல்லத்துல வெச்சிடுவாங்களாம். போர்டு சரின்னு சொன்னாத்தான் வெளிய விடுவாங்களாம்."

போட்டது போட்டபடி கிளம்பி இரண்டு பேருமாக நல அலுவலகத்துக்குப் போனார்கள். ஆனால் கேட்டுக்குள் நுழையும்போது அக்கா நின்றுவிட்டாள். "நான் இரவல் கொடுத்தேன்னு சொன்னா, இந்தத் தெருவுல யார் யார் போர்டுல என்ன சொன்னாங்கன்னு எல்லாத்தையும் தோண்டுவாங்கடி. அத்தனை குடும்பமும் சந்தி சிரிச்சிடும். நீ போய்ப் பேசு. நான் இங்கயே நிக்கிறேன்." மடிப்பக்கா அவளைத் திட்டவில்லை. திட்ட நேரமும் இல்லை.

உள்ளே அதே அதிகாரியம்மா. உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். மடிப்பக்கா படபடவென்று எல்லாவற்றையும் கொட்டினாள். "நான் சொன்னது பொய்ங்க. அவர் ஒரு ஈயைக்கூட அடிச்சதில்லை. ஆள் கிடைக்கணுமேன்னு அப்படிச் சொல்லிட்டேன். எனக்கு என்ன தண்டனை வேணும்னாலும் கொடுங்க."

அந்த அம்மா குறுக்கே பேசாமல் கேட்டாள். அப்புறம் சொன்னாள்: "நீங்க வருவீங்கன்னு தெரியும்மா. மூணாவது நாள் நாலாவது நாள் எல்லாரும் வருவாங்க. மாத்திச் சொல்ல வந்தா ஏத்துக்கக் கூடாதுன்னு சட்டத்துலயே எழுதியிருக்கு. எதுக்குன்னு தெரியுமா?" அவள் குரல் இறங்கிவிட்டது. "சட்டம் வர்றதுக்கு முன்னாடி ஒரு அம்மா இங்க வந்து, நான் சும்மா சொன்னேன், அவர் தங்கமானவர்னு அழுதாங்க. நான்தான் நம்பி அனுப்பி வெச்சேன். அடுத்த வாரம் அவங்க உடம்பைத்தான் பார்த்தேன். அவங்களுக்காகப் போட்ட சட்டம்மா இது."

"அந்தம்மா வேற, நான் வேற."

"அவங்களும் அப்படித்தான் சொல்லியிருப்பாங்க" என்றாள் அதிகாரியம்மா. "உங்க பொண்ணும் சாட்சி சொல்லியிருக்கே."

கோபப்பட அங்கே ஒரு கெட்ட ஆள்கூட இல்லை. அதுதான் கொடுமை. மடிப்பக்கா எவ்வளவுக்கெவ்வளவு அழுதாளோ அவ்வளவுக்கவ்வளவு அவள் பயந்துபோயிருக்கிறாள் என்றுதான் பதிவானது.

வெள்ளை வேன் ஒரு காலையில் வந்தது. சென்ட்ரி வழக்கம்போல நிறுத்தி, படுத்து, அடியில் பார்த்தார். டிரைவர் இறங்கவில்லை, பின்னால் இருந்து திடகாத்திரமான இரண்டு பேர் இறங்கினார்கள். "சுத்தமா இருக்கு" என்றார் அவர்களிடம். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதிகாரியம்மா அவரை மரியாதையாகத்தான் வீட்டுக்குள் கூட்டிவந்தாள். ஏன் அழைத்துப்போகிறோம் என்பதை அவருக்கே வாசித்துக் காட்ட வேண்டுமாம், அது அவர் உரிமையாம். அதே ஹாலில் அவரை உட்காரவைத்து, மடிப்பக்கா சொன்னதை அவள் வாயால் சொன்னபடியே வாசித்தாள்.

அவர் குறுக்கிடாமல் கேட்டார். கழுத்து என்ற இடம் வந்தபோது தன் கைகளைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"நானா?"

"இல்லைங்க! பொய்ங்க! நான்தான் பொய் சொன்னேன்!" அவள் அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். "அது அக்கா வீட்டுக்காரர் பண்ணது. எதிர்வீட்டு அக்காகிட்ட கேட்டுப் பாருங்க!"

அவர் மகள் பக்கம் திரும்பினார். "பாப்பா, நீ சத்தம் கேட்டியா?"

மகள் வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை, அழுகைதான் வந்தது. அவருக்கு அது போதுமாக இருந்தது. அவர் கண் மகளின் அறைக் கதவுக்குப் போனது, அதன் தாழ்ப்பாளுக்குப் போனது. அவர் முகத்தில் ஏதோ ஒன்று அணைந்துபோனதை மடிப்பக்கா தன் கண்ணால் பார்த்தாள். கத்தியிருந்தால், அடித்திருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"காலையில நான் கேப்பேன்ல, ஏதாவது பண்ணேனான்னு. ஒண்ணுமில்லைன்னே சொல்லிட்டிருந்திருக்கா" என்றார் அதிகாரியம்மாவிடம். "அவ அப்படித்தான் மேடம். என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டா. இப்பவும் எனக்காகத்தான் மாத்திச் சொல்றா." எழுந்து நின்றார். "வண்டி வாசல்ல நிக்கட்டும். நான் சட்டை மாத்திட்டு வந்துடுறேன்."

அந்த இரண்டு பேருக்கும் அவரைத் தொட வேண்டிய வேலையே இருக்கவில்லை. முன்னால் நடந்துபோய் அவரே ஏறிக்கொண்டார். மடிப்பக்கா வேன் கதவைப் பிடித்துக்கொண்டு கதறினாள். தெருவே வாசலுக்கு வந்து நின்றது. எதிர்வீட்டுக் கதவு மட்டும் திறக்கவில்லை.

அடுத்த வாரம் ஒரு பெண் வந்து கதவைத் தட்டினாள். சுத்தமான சீருடை, கழுத்தில் அடையாள அட்டை. "துணையாள் அனுப்பியிருக்காங்கம்மா. ஐயா எங்க?" என்று கேட்டாள். சட்டத்தின் ஒரு கை செய்வது மறுகைக்குத் தெரியவில்லை. மடிப்பக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் வாசல்படியில் அப்படியே சரிந்துவிட்டாள். வந்த பெண்தான் தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

பார்வையாளரை அனுமதிக்க ஒரு மாதத்துக்கு மேலானது. அன்று கேன்டீன் அக்காவும் கிளம்பி வந்து நின்றாள். இத்தனை நாளாகத் தூக்கமில்லாமல் கண் குழிந்துபோயிருந்தது. "நானே சொல்றேன்டி. தெரு சிரிச்சா சிரிக்கட்டும். என் வாயாலயே சொல்றேன்" என்றாள். மகள் வரவில்லை. படிப்புக்குப் போகமாட்டேன் என்று அறைக்குள் உட்கார்ந்தவளை இன்னும் யாராலும் அசைக்க முடியவில்லை.

இல்லம் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. சுண்ணாம்பு அடித்த சுவர், வரிசையாகப் பூச்சட்டிகள், பளிச்சென்று துடைத்த தரை. பார்வையாளர் அறையில் ஒரு நீள மேசை. அவர் சவரம் செய்துகொண்டு, சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார். முகம் தெளிவாக இருந்தது. பல வருஷமாக அவரை அப்படி அவள் பார்த்ததில்லை. அவளுக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

கேன்டீன் அக்கா உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள். "தம்பி, அது என் கழுத்து தம்பி. என் புருஷன் பிடிச்சது. நான்தான் உங்க பொண்டாட்டிக்குச் சொல்லிக்கொடுத்தேன். இதோ பாருங்க, இன்னும் நகம் கிழிச்ச தழும்பு இருக்கு." புடவைத் தலைப்பை விலக்கிக் காட்டினாள். சபையில் ஒரு நாளும் கழுத்தைத் திறந்து காட்டாதவள்.

அவர் தழும்பைப் பார்த்தார். எழுந்து நின்று அக்காவைக் கும்பிட்டார். "உங்களுக்கு ரொம்பப் பெரிய மனசுக்கா. எனக்காகச் செத்துப்போன மனுஷன் மேலயே பழியைத் தூக்கிப் போடுறீங்க. வேண்டாங்க்கா."

"ஐயோ தம்பி..."

"இங்க தினமும் டாக்டர் உட்கார வெச்சுப் பேசுறார்" என்றார். மனைவியிடம் திரும்பினார். குரலில் ஒரு நிம்மதி இருந்தது. "முதல்ல எனக்கு ஒண்ணுமே ஞாபகம் வரலை. கொஞ்சம் கொஞ்சமா வந்துச்சு. இப்ப நல்லாத் தெரியுது. நீ அந்தப் பச்சைப் புடவை கட்டியிருந்தே. ஜன்னல் திறந்திருந்துச்சு. உன் தொண்டை என் கட்டைவிரலுக்குக் கீழ ஏறி இறங்குச்சு. நீ கட்டிலை உதைச்சே."

"நடக்கவே இல்லைங்க" என்றாள். அவளுக்கே கேட்காத அளவுக்குக் குரல் வந்தது. "உங்க பிள்ளை மேல சத்தியமா நடக்கலை."

"வீட்டுக்குப் போகலாம்னு போர்டு சொல்லுச்சு. வர்ற மாசமே போகலாமாம். நான்தான் வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டேன்."

"எதுக்குங்க? எதுக்கு அப்படிப் பண்ணீங்க?"

"பாப்பா இருக்கே வீட்ல."

மடிப்பக்கா மேசைக்கு மேலே கையை நீட்டினாள். அவர் கையைப் பிடித்துவிட்டால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. அவர் இரண்டு கைகளையும் சட்டென்று மேசைக்கடியில் இழுத்துக்கொண்டு, நாற்காலியைப் பின்னால் தள்ளினார். வாசலில் நின்ற காவலரைக் கூப்பிட்டார்.

"சார், இவங்களைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லுங்க. ரொம்பக் கிட்ட இருக்காங்க. எனக்குப் பயமா இருக்கு."

காவலர் வந்து அவள் நாற்காலியைச் சுவரோரமாக நகர்த்திப் போட்டார்.